இரண்டாவது கை

ஒருவர் "எனக்கு நோகிறது" என்று சொன்னால் அதை நம்பும் கடமை நமக்கு எவ்வளவு இருக்கிறது? காயம் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சல் தொட்டால் தெரியும். நோவு அப்படியல்ல. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி, நோவுக்குரியவர் மட்டுமே. ஒற்றைச் சாட்சியை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா என்பது காதி நீதிபதிக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. வைத்தியரும் தாயும் ஆசிரியரும் நாளாந்தம் அதற்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஒருமுறை பிழையான விடை சொன்னேன். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து போனால் முள்ளிவாய்க்கால். 2018ஆம் ஆண்டு அப்பகுதிப் பாடசாலை ஒன்றில் சாதாரணதர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் ஒரு மாணவி. (அவளும் தாயும் சம்மதித்த பின்னரே இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை விட்டுவிட்டேன்.) இடக்கையால் எழுதுபவள். முத்து முத்தான எழுத்து. இரண்டாந் தவணையில் அவளுடைய கட்டுரைகள் அரைப் பக்கத்தோடு நிற்கத் தொடங்கின. கேட்டால், "கை ஏலாமல் வருது சேர்" என்பாள். கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா இருப்பாள். பிறகு எழுதுவாள். மறுபடி அரைப் பக்கம். மறுபடி மடி.

எழுதினால் வருகிற நோவு, எழுதாவிட்டால் போய்விடுகிறது. கள்ளத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். "சோதனை மண்டபத்திலயும் இப்பிடி இளைப்பாற விடுவினமோ?" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு தன் கையைப் பற்றி என்னிடம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

தாயிடம் வேறொரு விளக்கம் இருந்தது. 2009இல் பிள்ளைக்கு ஏழு வயது. அந்த வருடம் மே மாதத்தில் இடத்தோளில் புகுந்த செல் துண்டு ஒன்று எடுக்கப்படாமலே உள்ளே இருக்கிறது. "அது கிடக்கிறதால வாற நோவுதான் சேர்" என்றார். எங்கள் பக்கத்தில் இது நியாயமான விளக்கம். உடம்பில் இரும்போடு நடமாடுபவர்கள் இங்கே பலர். அதனால் நோவுக்குக் காரணம் தேடி யாரும் தூரம் போவதில்லை. காரணம் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது.

விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. உடம்பு மெலிந்தது. காசநோயோ என்று சளி சோதித்தார்கள், இல்லை. ஓரிடத்தில் பிரஷர் பார்த்தார்கள். இடக்கையில் 80க்கு மேல் ஏறவில்லை. "பிரஷர் குறைவு. பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறேல்ல. உப்பைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். தாய் நாள் தவறாமல் உப்புக்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

சில மாதங்களுக்குப் பிறகு தலையிடியும் கண் மங்கலுமாக அவளை வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர் படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆன ஒரு பெண் வைத்தியர். இட மணிக்கட்டைப் பிடித்தார். நாடித்துடிப்பு கிடைக்கவில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தும் கிடைக்கவில்லை. பிரஷர் பட்டியைக் கழற்றி வலக்கையில் சுற்றினார். 170. இயந்திரத்தில் பிழையோ என்று வேறொன்று கொண்டுவந்து இரண்டு கையிலும் மறுபடி அளந்தார். அதே கணக்கு. கழுத்தெலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கனநேரம் கேட்டார். இடுக்கான குழாய்க்குள்ளால் தண்ணீர் போவது போன்ற ஓர் இரைச்சல். அன்றைக்கே கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்.

கொழும்பில் எம்.ஆர்.ஐ. அறை வாசலில் உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். தாய் தோளைக் காட்டினார். அந்தக் காந்தம் உள்ளிருக்கும் இரும்பை அசைக்கலாம், சூடாக்கலாம் என்பதால் அந்தச் சோதனையை விட்டு, நாளத்தில் சாயம் ஏற்றி சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். இடக்கைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி நூலாகச் சுருங்கியிருந்தது. சிறுநீரக நாடிகளில் ஒன்றும் ஒடுங்கியிருந்தது. செல் துண்டு தன்பாட்டில் இருந்தது. எந்த நாடியையும் அது தொடவில்லை.

நோயின் பெயர் தகயாசு நாடி அழற்சி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புக் கலங்கள், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரையும் அதன் கிளைகளின் சுவர்களையும் தாக்குகின்றன. ஏன் என்பது இன்றும் தெளிவாகவில்லை. சுவர் வீங்கித் தடித்து உள்வழி ஒடுங்குகிறது. சிலவேளை சுவர் நலிந்து பலூன் போலப் புடைக்கிறது. உலகில் பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு வரும் நோய் என்பார்கள். ஆசிய நாடுகளில் சற்று அதிகம். நோயாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். கிளைகளில் அடிக்கடி அகப்படுவது இடக்கைக்குப் போகும் நாடி. கை வேலை செய்யும்போது தசைக்குக் கூடுதல் குருதி வேண்டும். ஒடுங்கிய வழியால் அது வராது. நோகும். கையை ஓய்வாக வைத்தால் தேவை குறையும். நோவு மாறும். கள்ளத்துக்கு அத்தாட்சி என்று நான் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடம்தான் நோயின் கையொப்பமாக இருந்திருக்கிறது.

இந்நோய் அறியப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. 1856இல் லண்டனில் வில்லியம் சேவரி என்ற வைத்தியர் இரு கைகளிலும் நாடித்துடிப்பற்ற ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். அது ஒரு விநோதமாகவே நின்றுவிட்டது. 1908இல் ஜப்பானியக் கண் வைத்தியர்களின் மாநாட்டில் கனசாவாவைச் சேர்ந்த மிகிதோ தகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் மாலை போல வளைத்துப் பின்னியிருந்ததை விவரித்தார். அவர் பேசியது கண்ணைப் பற்றி மட்டுமே. அதே கூட்டத்தில் ஒனிஷி, ககோஷிமா என்ற இருவர், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளர்களுக்கு மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். கண்ணைப் பார்த்தவரின் சாட்சியமும் கையைப் பிடித்தவர்களின் சாட்சியமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. பின்னர் 'நாடித்துடிப்பற்ற நோய்' என்றும் இது அழைக்கப்பட்டது.

நாடி பார்ப்பதில் நமக்கும் ஒரு மரபு உண்டு. நமது பரியாரிமார் பெண்ணுக்கு இடக்கையும் ஆணுக்கு வலக்கையும் பிடித்துப் பார்ப்பார்கள். இம்மாணவியை ஒரு பரியாரியார் பார்த்திருந்தால் முதல் நாளே திடுக்கிட்டிருப்பார். ஆனால் அதே நோய் ஒரு பெண்ணின் வலக்கையில் மட்டும் இருந்தால் அவருக்கும் தப்பிவிடும். ஒரு கையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பழைய வைத்தியத்திலும் இருந்தது, புதிய வைத்தியத்திலும் இருக்கிறது. முதல் தடவை பிரஷர் பார்க்கும்போது இரண்டு கையிலும் அளக்க வேண்டும் என்பது வைத்திய நூல்களின் விதி. சனக்கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அது நடப்பது அரிது.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். ஒரு கையில் மட்டும் அளந்தால் பாதி உண்மையாவது கிடைக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது அப்படியில்லை. இடக்கை காட்டிய 80 பொய்யல்ல. அந்தக் கையில் பிரஷர் அவ்வளவுதான். ஆனால் அதை முழு உடம்பின் பிரஷராக எடுத்துக்கொண்டபோது, உயர் பிரஷரால் மூளையும் கண்ணும் ஆபத்திலிருந்த பிள்ளைக்கு உப்பைக் கூட்டிக் கொடுக்கும்படி ஆனது. மனதறிந்து யாரும் பொய் சொல்லவில்லை. அளந்தவர் சரியாகத்தான் அளந்தார். தாய் அன்போடுதான் கஞ்சி காய்ச்சினார். ஆனாலும் கொடுத்தது நோய்க்கு நேரெதிரான மருந்து. பாதி உண்மை என்பது குறைவான உண்மை அல்ல. சில இடங்களில் அது உண்மைக்கு எதிர்த் திசையில் கொண்டுபோய் விடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. காலையில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியர் ஒவ்வொருவரிலும் பத்து இலட்சத்தில் ஒன்றைத் தேட முடியுமா? சாதாரணமாக வருவதை முதலில் நினை என்பதுதானே வைத்தியத்தின் பாலபாடம்? இந்த மறுப்பு நியாயமானது. எல்லோருக்கும் ஸ்கான் எடு என்று நான் சொல்லவில்லை. சொல்பவரையெல்லாம் அப்படியே நம்பு என்றும் சொல்லவில்லை. ஒரு செய்தி வந்தால் அதை விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பது குர்ஆன் நமக்கு இட்ட கட்டளை. நம்புவதற்கும் தள்ளுவதற்கும் நடுவே விசாரணை என்று ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் காலை வைப்பதுதான் சொல்பவருக்கு நாம் செய்யக்கூடிய ஆகக்குறைந்த நீதி. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பொருந்தும் காரணம், எதிரே நிற்கும் இந்த ஒருவருக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை கேட்க வேண்டும். செல் துண்டு தோள் நோவுக்குக் காரணமாகலாம். காய்ச்சலுக்கும் மெலிவுக்கும் அது காரணமா? கையை மடியில் வைத்தால் மாறும் நோவுக்கு அது காரணமா? இதைக் கேட்க ஸ்கான் வேண்டாம். இரண்டாவது கையில் பட்டியைச் சுற்ற இரண்டு நிமிடம் போதும்.

ஏற்கெனவே கையிலிருக்கும் விளக்கத்தைச் சந்தேகிப்பது பெரியோரை அவமதிப்பதாகாது என்பதற்கு நமது வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே குருதி செல்கிறது என்பது கலனின் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளாக அது கேள்விக்கிடமற்றதாக இருந்தது. இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதிய இப்னு நபீஸ் (மறைவு 1288), அச்சுவரில் துளை ஏதும் இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே மறுபுறம் வருகிறது என்று எழுதினார். இப்னு சீனாவை மதித்ததால்தான் அவர் அந்நூலுக்கு உரை எழுதினார். மதித்தும் மறுத்தார். 1924இல் எகிப்திய வைத்தியர் முஹ்யித்தீன் அத்ததாவி பெர்லினில் அக்கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுக்கும் வரை அவர் சொன்னதை உலகம் மறந்தே இருந்தது.

உடம்பு தன்னையே அந்நியமாகக் கருதித் தாக்கும் நோய் என்று அறிந்தபோது, நமது நாட்டுக்கு இது நல்ல உவமை என்று எனக்கும் தோன்றியது. பிறகு அதை விட்டுவிட்டேன். நோயெதிர்ப்புக் கலத்துக்குப் புத்தியில்லை. அது யோசித்து முடிவெடுப்பதில்லை. மனிதரை மனிதர் துரத்துவதும் கொல்லுவதும் முடிவெடுத்துச் செய்யும் செயல்கள். அவற்றை நோய் என்று சொன்னால் செய்தவர்களின் பொறுப்பு கரைந்துபோகும். ஒரு பிள்ளையின் வருத்தத்தை நமது அரசியலுக்கு அலங்காரமாக்குவதும் முறையல்ல. ஆகவே நோயை நான் உவமையாக எடுக்கவில்லை. அந்த வைத்தியர் அளந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதை முதலில் என்மீதே பிரயோகிக்க வேண்டியிருக்கிறது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று மக்களும் அதில் அடங்குவர். எனக்கு அப்போது பத்து வயது. வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் ஆசிரியனாகத் திரும்பி வந்தபோது, மனதில் ஒரு கணக்கையும் கொண்டுவந்தேன். வாப்பாவின் கடையும் உம்மாவின் தையல் மெசினும் எழுதிய கணக்கு. எங்களை அனுப்பிய நாளில் அயலவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியும் அதில் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை "கை ஏலாது" என்றதும், "இவர்கள் எல்லாவற்றுக்கும் யுத்தத்தைச் சொல்லிச் சலுகை கேட்பவர்கள்" என்று என் மனதில் ஓடியது அந்தக் கணக்கிலிருந்துதான். அவளோ செல் துண்டைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. 1990இல் அவள் பிறந்திருக்கவும் இல்லை.

2009ஐப் பற்றிப் பேச்சு வரும்போது, "விதைத்ததை அறுத்தார்கள்" என்று சொன்னவர்கள் நம்மவரில் இருந்தார்கள். 1990ஐப் பற்றிப் பேச்சு வரும்போது, "நீங்கள் உயிரோடதானே போனீங்கள்" என்று சொன்னவர்கள் அயலவர்களில் இருந்தார்கள். இருவரும் தம் கையில் சரியாகத்தான் அளந்தார்கள். மற்றக் கையைத் தொடவில்லை. இப்படி அளந்து கொடுக்கும் மருந்து எதுவாக இருக்கும் என்பதற்கு அந்த உப்புக்கஞ்சியே போதுமான உதாரணம்.

நடுநிலை பேணுவோர் இங்கே இன்னொரு தவறைச் செய்வதுண்டு. இரு பக்கமும் இழந்தது, இரு பக்கமும் பிழை, ஆகவே கணக்குச் சரி என்பார்கள். 80ஐயும் 170ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 125 வரும். அது நல்ல சுகதேகியின் பிரஷர். அந்த வைத்தியர் அப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பிள்ளை செத்துப்போயிருப்பாள். இரண்டு கையையும் அளப்பது சராசரி எடுப்பதற்கல்ல. ஒவ்வொரு கையிலும் உள்ளதை உள்ளபடி எழுதி, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்பதற்கு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் கணக்கை 1990இன் கணக்கால் கழிக்க முடியாது. 1990இன் கணக்கை 2009 தீர்த்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் சொல்லப்பட வேண்டும்.

அந்தப் பிள்ளை இன்று இருபதுகளில் இருக்கிறாள். முதலில் பிரெட்னிசொலோன் கூடிய அளவில் கொடுத்து மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். முகம் வட்டமாக வீங்கியது. கண்ணாடியை மறைத்து வைத்தாள். எலும்பு நலியும், சீனி ஏறும், தொற்று இலகுவில் பிடிக்கும் என்பதெல்லாம் அம்மருந்தின் தீமைகள். ஆனாலும் அதைச் சடுதியாக நிறுத்தக்கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் மறந்திருக்கும். கூடவே கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மெதோட்ரெக்சேட். அதை நாள்தோறும் விழுங்கினால் உயிராபத்து. பிள்ளைப்பேற்றை எண்ணும் காலத்தில் அதை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். அழற்சி தணிந்த பின் சிறுநீரக நாடியைப் பலூன் மூலம் விரித்தார்கள். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு டொசிலிசுமாப் போன்ற விலைகூடிய ஊசிகளும் உண்டு. நோய் அடங்கும். ஆனால் சிலவேளை மீண்டும் தலைதூக்கும். ஆகவே குணமாகிவிட்டது என்று வைத்தியர்கள் சொல்வதில்லை. தணிந்திருக்கிறது என்றே சொல்கிறார்கள். எந்நோய்க்கும் மருந்து உண்டு என்பது நமது நம்பிக்கை. மருந்து என்றால் முற்றாகத் தீர்ப்பதுதான் என்று நான் விளங்கியிருந்தேன். நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருப்பதும் மருந்தின் ஒரு பகுதி என்பதை அவளிடமிருந்து படித்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கப் பெரிய இயந்திரங்கள் எப்போதும் தேவையில்லை. இந்நோயாளர்களை நீண்டகாலமாகக் கவனித்துவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் உட்பட இந்திய வைத்தியர்கள் சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. அடிக்கடி ஸ்கான் எடுக்காமலே, நாடித்துடிப்பு, பிரஷர், நாடியின் இரைச்சல் முதலியவற்றைத் தொட்டும் கேட்டும் நோயின் போக்கைக் கணிப்பது அதன் முறை. ஏழை நாடுகளுக்கு ஏற்ற அறிவு அது. 2022இல் நாடே மருந்துக்குத் தவித்தபோது, முல்லைத்தீவில் கிடைக்காத குளிசைகள் புத்தளத்தில் என் சாச்சாவின் மகனுக்குக் கிடைத்தன. மூன்று தடவை பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். யாருக்கென்று அவன் கேட்டான். சொன்னேன். அடுத்த முறை கேட்காமலே அனுப்பினான்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சேர், எனக்கே அது கள்ளமோ எண்டு யோசினைதான் வந்தது" என்றாள். இந்தப் பதில்தான் என்னை இன்றும் வருத்துகிறது. ஒருவரின் சொல்லை நாம் தொடர்ந்து தள்ளிவந்தால், கடைசியில் அவரே தன் சாட்சியத்தைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். அவளுடைய நாடிக்கு வந்த சேதத்தில் எனக்குப் பங்கில்லாமல் இருக்கலாம். இதில் எனக்குப் பங்குண்டு. நாளை இதற்கு விசாரிக்கப்படுவேன் என்றே நம்புகிறேன்.

கிளினிக்கில் புதிதாக யாராவது இடக்கையில் பட்டியைச் சுற்றிவிட்டு எழுதப் போனால், அவள் வலக்கையை நீட்டி, "இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்கிறாளாம். தாய் சொன்னார். இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை ஏலாது என்று சொன்னால், முதலில் மனதில் வரும் விடையை நான் வெளியே சொல்வதில்லை. எப்போது வருகிறது, எப்போது மாறுகிறது, வேறென்ன செய்கிறது என்று கேட்கிறேன். பலவேளை அது வீட்டுப்பாடம் செய்யாத சாட்டுத்தான். அப்படி ஏமாறுவதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.